அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட வேண்டியது மகள் மட்டும்தானா?

பாயான்பாரு_மகள் | திங்கள், இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள் நான். இன்றைக்குத் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்கு 41 வயது. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆப்பரேட்டராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா முடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தேன். இப்போது என் பொறுப்பில் 26 பேர் இருக்கிறார்கள். கணவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறார். ஒரே மகள், ஆறாம் ஆண்டு படிக்கிறாள்.

அம்மாவுக்கு 69. நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் நினைவு தெளிவு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். யாரும் பேசி முடிவு செய்யவில்லை, கார் தானாக இங்கே திரும்பியது போல.

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து அண்ணனும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தம்பியும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்: "நீ பொண்ணு. நீ பார்த்தாதான் அம்மாவுக்கு நிம்மதி. வேலைய விட்டுடு, நாங்க ரெண்டு பேரும் மாசம் ஆளுக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) தந்துடறோம்." தம்பி சரி என்றான். என் கணவரும் தலையை ஆட்டினார். அண்ணன் கெட்டவர் இல்லை. மனதறிந்து அநியாயம் செய்கிறவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்து, தொழிற்சாலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்க ஆரம்பித்தபோது, 1974இல் பதினெட்டு வயதில் அம்மா கிளம்பி வந்தார். பினாங்குப் பாலம் வந்ததே 1985இல். அப்போது பஸ், ஃபெரி, மறுபடி பஸ். அதனால் ஆறு பெண்கள் சேர்ந்து சுங்கை நிபோங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்களாம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்னென்னவோ பேசினார்கள். அம்மா அனுப்பிய பணத்தில்தான் இரண்டு மாமாக்களும் படிவம் ஐந்து முடித்தார்கள்.

அவர் வேலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் (சிப்) ஒட்டுவது. இன்றைக்கும் அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போதுகூடச் சேர்ந்தே இருக்கும், இடுக்கியைப் பிடித்த மாதிரி. நாங்கள் மூவர் பிறந்தும் அவர் வேலையை விடவில்லை. பாட்டி எங்களைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்காக நான் வேலையை விட வேண்டுமாம். நான் சுயநலக்காரியா, சொல்லுங்கள்.

---

ஜெலுத்தோங்வாசி | செவ்வாய், காலை 6.55

தங்கச்சி, உங்களைச் சுயநலக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். படுத்த தாயைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, இதெல்லாம் மகனால் ஆகுமா? மகன் செய்ய வந்தாலும் அந்த அம்மாவே கூசிப்போவார். எனக்கு 63 வயது. என் அம்மாவை என் தங்கைதான் பார்த்தாள், நான் செலவைப் பார்த்தேன். இது ஆண் பெண் ஏற்றத்தாழ்வு இல்லை, தாயின் மானம். பணம் தருகிறேன் என்று அண்ணன்மார் முன்வருவதே இந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

---

செந்தூல்_தம்பி | செவ்வாய், காலை 8.10

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நான் என் அம்மாவை இரண்டு வருடம் குளிப்பாட்டினேன்.

முதல் நாள் இரண்டு பேருமே அழுதோம். அப்புறம் மருத்துவமனையில் ஒரு தாதி சொல்லித் தந்தார். பாத்திக் கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கைலிக்கு மேலேயே தண்ணீர் ஊற்ற வேண்டும். சோப்புத் துணியை வலது கையில் கொடுத்தால் முடிந்த இடத்தை அவரே தேய்த்துக்கொள்வார். முடிந்ததும் காய்ந்த கைலியைத் தலைவழியாகப் போட்டு, உள்ளே நனைந்ததை அவிழ்த்துக் கீழே விட வேண்டும். ஒரு நொடிகூட உடம்பு வெளியே தெரியாது. மூன்றாவது வாரம் அம்மா, "தண்ணி ஆறிப்போச்சுடா, சுடுதண்ணி கலக்க மாட்டியா" என்று திட்ட ஆரம்பித்தார். கூச்சம் அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அக்கா தங்கை இல்லை. இருந்திருந்தால் நானும் அவள் பக்கம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆள் இல்லாததால் கற்றுக்கொண்டேன். முடியாது என்பதெல்லாம் வேறு ஆள் இருக்கிற வரைக்கும்தான், ஐயா.

---

கணக்குப்பிள்ளை_அக்கா | செவ்வாய், பிற்பகல் 1.05

தங்கச்சி, நான் 44 வயதில் வேலையை விட்டவள். மாமனாருக்காக. இப்போது எனக்கு 52.

பொறுப்பைச் செய்ததற்கு வருத்தம் இல்லை, மாமனார் என்னை மகளே என்றுதான் கூப்பிட்டார். எனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன். கொழுந்தனார்கள் தருவதாகச் சொன்ன பணம் எட்டு மாதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒருவருக்கு வீட்டு லோன், இன்னொருவருக்குப் பிள்ளை படிப்பு. கேட்டு வாங்கவும் கூச்சம். மாமனார் போன பிறகு வேலை தேடினேன். நான் விட்ட கணக்கு மென்பொருளே எங்கும் இல்லை. 28 வயதுப் பிள்ளைகளோடு நேர்முகத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

நான் கணக்குக்காரி, அதனால் கணக்காகவே காட்டுகிறேன். உங்கள் சம்பளம் தெரியாது, 4,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃபில் (ஊழியர் சேமநிதி) உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. சேர்த்து மாதம் சுமார் 1,008 வெள்ளி. அண்ணனும் தம்பியும் தருவதாகச் சொல்வது 1,000. அதாவது அவர்கள் தருவது உங்கள் இபிஎஃப் பணத்துக்கே எட்டாது. சம்பளம் முழுவதும் தனி இழப்பு. ஐந்து வருடம் வீட்டில் இருந்தால் லாப ஈவைச் சேர்க்காமலே 60,000 வெள்ளி உங்கள் முதுமையிலிருந்து போகிறது. உங்களுக்கு 69 வயதாகும்போது யார் வீட்டுக்கு உங்கள் கார் திரும்பும்?

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். குரலை உயர்த்தவே வேண்டாம்.

---

மனிதவளம்_கேஎல் | செவ்வாய், இரவு 9.30

நான் கோலாலம்பூரில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தத்தில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்கும் உரிமை இருக்கிறது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம், இதில் எதை மாற்ற வேண்டும் என்றாலும் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது உண்மைதான். ஆனால் வாய்வார்த்தையாகக் கேட்டு "பார்க்கலாம்" என்று அனுப்பப்படுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். பெண்கள் பலர் கேட்காமலேயே ராஜினாமா கடிதத்தோடு என் மேசைக்கு வருகிறார்கள். தயவுசெய்து முதலில் கேளுங்கள். உங்கள் அண்ணனும் தம்பியும்கூட அவர்கள் வேலையிடத்தில் கேட்கலாம். பெண்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியில்லை.

இன்னொன்று, பெற்றோர் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. டாக்டர் சான்று இருந்தால் பராமரிப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் அதில் காட்டலாம். அண்ணனிடம் சொல்லுங்கள்.

எனக்கே மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அதே திருத்தம் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது, தகப்பனுக்கு 7 நாள் கொடுத்தது. நல்லது. பெற்றவளைப் பார்த்துக்கொள்ள என்று அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. வருட விடுப்பில்தான் கழித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கழிப்பவர்கள் யார் என்று என் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

---

பட்டர்வொர்த்_நண்பன் | புதன், காலை 7.20

இந்தோனேசியாவிலிருந்து ஒரு பணிப்பெண் எடுத்துவிடுங்கள், சிஸ்டர். எங்கள் வீட்டில் அப்படித்தான். எல்லாருக்கும் நிம்மதி.

---

கணக்குப்பிள்ளை_அக்கா | புதன், காலை 10.15

நண்பரே, எடுப்பது தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பார், பிள்ளை இருக்கும். வீட்டு வேலையாளுக்கு நம் வேலைச் சட்டத்தில் வாராந்திர ஓய்வு நாளும் வேலை நேர வரம்பும் பொருந்தாது, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. நம் வீட்டு ஆண்கள் தூக்காத சுமையை இன்னொரு பெண் தலையில் இறக்கிவிட்டு, நம் வீட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்தால் ஓய்வு நாளை எழுதிக் கொடுங்கள், அந்த நாளில் வீட்டு ஆண்கள் பார்க்கட்டும். சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கி, இப்படி வேலைக்கு வந்தவர்களுக்காகப் பேசி, வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினார். நம் ஊர்ப் பெண் அவர்.

---

ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், மாலை 5.48

பிள்ளைகளே, எனக்கு 82 வயது. பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன்.

மகளே, உன் பாட்டி பால்மரம் வெட்டினார் என்றாய். 1920களின் இறுதியில் வெள்ளைக்கார அரசாங்கம் தோட்டத்துக்குச் சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே பிரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, அதே வெயிலில் வேலை செய்து பத்துக் காசு குறைவு. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியதற்குக் காசே இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பளம் மட்டுமா இருந்தது? துரைமார் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. சமத்துவப் பேச்சு நேற்று டெலிவிஷனில் வந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்.

நான் 1965இல் கோலாலம்பூரில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பக்கத்து வகுப்பில் இருந்த ஆண் ஆசிரியரும் நானும் ஒரே பயிற்சி, ஒரே பாடம். அவருக்குச் சம்பளம் அதிகம். ஏன் என்று கேட்டால், "அவர் குடும்பத்தைக் காப்பாத்தணும்" என்பார்கள். என் சம்பளத்தில்தான் என் தாயும் மூன்று தம்பிகளும் சாப்பிட்டார்கள். ராசம்மா பூபாலன் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். பின்னால் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்து, சம சம்பளம் கேட்டு விடாமல் நின்றார். 1969இல் அரசுப் பணியில் அது வந்தது. அந்தச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே நாம ஒண்ணுதான் டீச்சர்" என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், அண்டாவில் துணி ஊறிக் கிடந்தது.

சம்பளத்தில் பத்துக் காசு வித்தியாசத்தை ஒழிக்க எங்களுக்கு அத்தனை வருடம் ஆனது. அந்த அண்டா இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத்தான் உன் தலைமுறை நகர்த்த வேண்டும். வேலையை விடாதே.

---

ஜெலுத்தோங்வாசி | புதன், இரவு 8.33

டீச்சர் சொன்னதைப் படித்தேன். செந்தூல் தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். என் தங்கை பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள், கையில் பணம் இல்லை. அவள் எங்கள் அம்மாவைப் பார்த்த ஏழு வருடத்தில் அவளுக்கு என்ன போனது என்று நான் கேட்டதே இல்லை. எல்லாவற்றிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன் என்று சொல்ல மாட்டேன். தாய்க்கு மகளின் கை வேறுதான் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் தங்கையிடம் பேச வேண்டும்.

---

ஆயர்ஈத்தாம்_சின்னம்மா | வியாழன், காலை 9.02

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். அம்மா வீடு யார் பேரில் இருக்கிறது? யாருக்கு என்று பேச்சு?

---

பாயான்பாரு_மகள் | வியாழன், பிற்பகல் 12.50

சின்னம்மா, இதைப் படித்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் அடைத்தது. அம்மா தன் இபிஎஃப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவு விலை ஃபிளாட். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது, அம்மா பேரில்தான் இருக்கிறது. "அது அண்ணனுக்கு" என்று சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்லி வருகிறோம். நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

---

ஆயர்ஈத்தாம்_சின்னம்மா | வியாழன், பிற்பகல் 2.20

நினைத்தேன். பார்ப்பது மகள், பத்திரம் மகனுக்கு. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

கேளுங்கள் கண்ணு. உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அதில் மகன் மகள் என்ற பேதமே கிடையாது, பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. உயில் எழுதினால் அம்மா விருப்பம். வீட்டைக் கேட்டுச் சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதானால், இருக்கிறது என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

நாங்கள் மூன்று பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. எங்கள் அம்மாவை நாங்கள்தான் பதினொரு வருடம் பார்த்தோம். அம்மா போன அன்றைக்கு, கொள்ளி வைக்க ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டி வரப் பெரியவர்கள் கிளம்பினார்கள். வருடத்துக்கு ஒரு முறை தீபாவளிக்கு எட்டிப் பார்க்கிற பையன். என் மூத்த அக்கா எதுவும் பேசவில்லை. நேராகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தாள். பூசாரி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். பத்து லஞ்சாங் மயானத்தில் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தது அவள்தான். அன்றைக்கு முணுமுணுத்த மாமா ஒருவர், தன் காரியத்துக்கு மகள் நிற்கட்டும் என்று போன வருடம் சொல்லி வைத்திருக்கிறார்.

---

பாயான்பாரு_மகள் | ஞாயிறு, இரவு 10.15

இன்றைக்கு மறுபடி பேசினோம். அண்ணன் வீடியோ அழைப்பில், தம்பி நேரில்.

கணக்குப்பிள்ளை அக்கா சொன்னபடி தாளில் எழுதி வைத்தேன். என் உண்மையான சம்பளத்தைப் போட்டுப் பார்த்தால் தொகை இன்னும் கூடுதலாக வந்தது. அண்ணனுக்கு முதலில் கோபம். "அம்மாவுக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறியா" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் இந்த முறை நான் அழவில்லை. "கணக்கை ஆரம்பிச்சது நான் இல்லண்ணே, 500னு சொன்னது நீங்க" என்றேன்.

அம்மா அறைக்குள் இருக்கிறார், கேட்காது என்று நினைத்தோம். நடுவில் கட்டில் கம்பியை வலது கையால் தட்டும் சத்தம். போனோம். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தம்பி கையில் இருந்த போனைப் பார்த்தார். வார்த்தை வார்த்தையாக, எச்சில் வழிய, சொன்னார்:

"நான்... விட்டேனா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணன் போனில் இருந்து தலையைக் குனிந்துகொண்டார். முதன்முதலாக நாங்கள் அம்மாவிடமே கேட்டோம், என்ன வேண்டும் என்று. அவருக்குப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம், நடக்க வேண்டுமாம். அப்புறம் தன் ஃபிளாட்டுக்குத் திரும்ப வேண்டுமாம். என் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

---

செந்தூல்_தம்பி | ஞாயிறு, இரவு 10.40

அக்கா, பிசியோதெரபியை ஒரு தவணைகூட விட்டுவிடாதீர்கள். ஆரம்ப மாதங்களில் கிடைக்கும் முன்னேற்றம் பின்னால் கிடைப்பது கஷ்டம். தம்பியை ஒரு முறை கூடவே கூட்டிப்போங்கள், தூக்குவது எப்படி என்று அவர்களே காட்டுவார்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, விழுந்த பக்கத்துத் தோள் இறங்கிவிடும்.

---

பாயான்பாரு_மகள் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 11.58

எப்படி இருக்கிறது என்று தனி மடலில் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

எழுத்து மூலம் விண்ணப்பித்துவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் காலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, 60 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பகலில் எங்கள் பிளாக்கிலேயே இருக்கும் ஓர் அக்கா வருகிறார், திங்கள் முதல் வெள்ளி வரை. மாதம் 1,700 வெள்ளி, சனி ஞாயிறு அவருக்கு ஓய்வு. குறைந்தபட்ச சம்பளத்துக்குக் கீழே பேச மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் பணம் அண்ணனுடையது. மாதம் ஒரு சனி ஞாயிறு தானே வருவதாகவும் சொன்னார். முதல் முறை வரவில்லை, வேலை என்றார். அண்ணிக்கும் என்மேல் கோபம் இருக்கிறது. அவர் முதுகிலும் ஒரு மாமியார், ஒரு வேலை, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரோடு உட்கார்ந்து பேசவில்லை என்பது என் தப்பு, பேச வேண்டும்.

கணவர் இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் "உனக்கு ஹெல்ப் பண்றேன்" என்பார். எனக்கு இல்லை, அம்மாவுக்கு என்று ஒரு நாள் சொன்னேன். அதிலிருந்து அந்த வார்த்தை வருவதில்லை. மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தம்பிதான் எனக்கு ஆச்சரியம். வெள்ளி இரவு அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுகிறான். செந்தூல் தம்பி எழுதியதை அவனுக்கு அனுப்பினேன். ஒன்றும் பதில் போடவில்லை.

இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். பெண்கள் இரவு பத்து மணிக்கு மேல் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று அம்மா காலத்தில் சட்டம் இருந்தது, விதிவிலக்கு வாங்கித்தான் அவரை இரவெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் உட்காரவைத்தார்கள். அந்தத் தடை 2023இல் எடுக்கப்பட்டது. பதினோரு மணிக்கு முன்னால், லைன் ஒப்படைப்பு நடக்கும் நேரத்தில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, அந்த நீலக் கைலி எங்க வெச்சிருக்க? பையில காணோமே."

அடிப்பக்கம் பார், துண்டுக்குக் கீழே என்றேன். பின்னால் அம்மா ஏதோ சொல்வது கேட்டது.

"என்ன சொல்றாங்க?"

"சுடுதண்ணி ஆறிப்போகுதாம். வெச்சிடறேன்க்கா."